தேடுதல் குழுவில் மூன்று பேரா, நான்கு பேரா?

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவி 2022 அக்டோபரில் காலியானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலும் அதே நிலை வந்தது. பதவிக்காலம் முடியும் நாள் எது என்பது பதவியேற்ற அன்றே எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் அடுத்தவர் வரவில்லை. ஆளுநர் ஒரு பக்கம், மாநில அரசு மறுபக்கம் என்று இந்தக் கதையை நாம் கேட்டுப் பழகிவிட்டோம். யார் பக்கம் நியாயம் என்று கேட்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. இரு தரப்பும் முட்டிக்கொண்டால் பதவி ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்க நம் பல்கலைக்கழகச் சட்டங்கள் எப்படி இடம் கொடுக்கின்றன என்ற கேள்வி அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. நியமிக்கும் அதிகாரம் ஆளுநரிடமிருந்து போக வேண்டும். அதோடு, நியமனத்தை யாராலும் முடக்கிவைக்க முடியாத ஒரு நடைமுறையும் சட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்கள் முதல் வேலையைச் செய்யப் பார்த்தன. இரண்டாவதைத் தொடவில்லை.

ஆளுநர் எப்படி வேந்தரானார் என்பதிலிருந்து தொடங்குவோம். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டம் மாகாண ஆளுநரை வேந்தராக்கியது. 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே தொடர்ந்தது. அன்று ஆளுநர்தான் ஆட்சியாளர். விடுதலைக்குப் பிறகு அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர் ஆனார். வேந்தர் பதவியில் மட்டும் அந்தக் கட்டு கிடையாது. கண்ணூர் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மறுநியமனத்தை 2023 நவம்பரில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், வேந்தர் தன் சொந்த முடிவின்படியே செயல்பட வேண்டும், மாநில அரசின் சொற்படி நடக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. அதாவது மாநிலத்தின் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு, சட்டமன்றத்தில் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக் கடமையில்லாத ஒருவர் தலைவர். ஆளுநருக்கு இந்தப் பொறுப்பை அரசமைப்புச் சட்டம் தரவில்லை, மாநிலச் சட்டம் தந்தது. தந்த சட்டமன்றத்துக்குத் திரும்ப எடுக்கவும் உரிமை உண்டு. அரசமைப்புச் சட்டம் சொல்லாத இத்தகைய பொறுப்புகளை ஆளுநர் மேல் சுமத்தக் கூடாது என்று மத்திய அரசே நியமித்த பூஞ்சி ஆணையம் 2010-இல் பரிந்துரைத்ததும் இதனால்தான்.

2022 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் துணைவேந்தரை நியமிக்கும் இடத்தில் 'வேந்தர்' என்பதை எடுத்துவிட்டு 'அரசு' என்று வைத்தன. 2023 நவம்பரில் ஆளுநர் பத்து மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார். சில நாள்களிலேயே சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, அந்தப் பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. மூன்றே நாளில் அவை அரசிதழில் வந்தன. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு துணைவேந்தர் நியமனம் பற்றிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு நவம்பர் 20 அன்று பதிலளித்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்கவோ ஒப்புதல் தரப்பட்டதாகக் கருதவோ முடியாது என்று கருத்துரைத்தது. ஒப்புதல் பற்றிய அந்தப் பெரிய வழக்கை இங்கே விட்டுவிடுகிறேன். உயர் நீதிமன்றத் தடைக்கு அடிப்படையாக இருந்த, மாநிலச் சட்டத்துக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகளுக்கும் இடையிலான முரண்பாடுதான் நம் பல்கலைக்கழகங்களை நேரடியாகத் தொடுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் இரண்டு விஷயங்களைக் கேட்கின்றன. துணைவேந்தர் தேடுதல் குழுவில் மானியக் குழுத் தலைவர் நியமிக்கும் ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். அந்தக் குழு தரும் பட்டியலிலிருந்து வேந்தர் ஒருவரை நியமிக்க வேண்டும். நம் சட்டங்களில் தேடுதல் குழுவுக்கு மூன்று பேர்தான். இந்த ஒரு நாற்காலிதான் எல்லாவற்றையும் நிறுத்தியது. 2023 செப்டம்பரில் ஆளுநர் மானியக் குழுவின் பிரதிநிதியையும் சேர்த்து நான்கு பேர் கொண்ட குழுவை அறிவித்தார். அதே மாதம் அரசு அந்தப் பிரதிநிதியை விட்டுவிட்டு வேறொரு குழுவை அரசிதழில் வெளியிட்டது. 2024 ஜனவரியில் ஆளுநர் தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். அதற்குள் சென்னைப் பல்கலைக்கழகம் துணைவேந்தர் இல்லாமல் ஐந்து மாதங்களைக் கடந்திருந்தது.

மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தைவிட ஒரு குழு போட்ட விதிமுறை எப்படி மேலானது ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கல்யாணி மதிவாணன் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றமே, மாநிலம் ஏற்றுக்கொள்ளாதவரை அன்றைய மானியக் குழு விதிமுறைகள் மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. ஆனால் அந்த நிலை நீடிக்கவில்லை. குஜராத்தில் துணைவேந்தரை நியமிப்பது மாநில அரசு. அங்கே சர்தார் படேல் பல்கலைக்கழக நியமனத்தை 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தேடுதல் குழு மானியக் குழு விதிமுறைப்படி அமையவில்லை என்பது காரணம். அதே ஆண்டு அக்டோபரில் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் அதே கதி ஏற்பட்டது. ஆளும் கட்சி எது என்று பார்த்து வந்த தீர்ப்புகள் அல்ல இவை. இவற்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு மூன்று பேர் குழுவிலேயே உறுதியாக நிற்பது, நியமிக்கப்படும் ஒவ்வொருவரையும் வழக்குக்குள் தள்ளுவதாகும். நியமன அதிகாரத்தில் மாநில உரிமைக்காக வாதாடுவது சரி. குழுவில் ஒரே ஒரு உறுப்பினர், ஒரே ஒரு வாக்கு என்பதற்காகப் பல்கலைக்கழகத்தைக் காக்கவைத்தது சரியல்ல. இதில் அரசின் பிடிவாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

'வேந்தர் நியமிக்க வேண்டும்' என்ற இரண்டாவது நிபந்தனைக்கும் வழி உண்டு. வேந்தர் என்றால் ஆளுநர்தான் என்று அந்த விதிமுறை எங்கும் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலேயே 2013-இல் உருவான இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் முதலமைச்சர். கேரளச் சட்டமன்றம் 2022 டிசம்பரில் ஆளுநருக்குப் பதிலாகக் கல்வியாளர் ஒருவரை வேந்தராக்கும் மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் தரவில்லை என்றாலும் யோசனை நல்ல யோசனை. ஆளுநரும் வேண்டாம், முதலமைச்சரும் வேண்டாம், செனட் பரிந்துரைக்கும் ஒரு அறிஞர் வேந்தராகட்டும் என்று சட்டம் எழுதினால் விதிமுறையின் சொல்லும் காப்பாற்றப்படும், பல்கலைக்கழகத்தின் தன்னாட்சியும் காப்பாற்றப்படும்.

அரசிடம் அதிகாரம் போனால் கட்சிக்காரர்கள்தான் துணைவேந்தர் ஆவார்கள், பதவி விலைக்குப் போகும் என்ற அச்சத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதுவரை நடந்ததையும் பார்க்க வேண்டும். துணைவேந்தர் பதவிகள் கோடிக்கணக்கில் கைமாறின என்று 2018 அக்டோபரில் பொதுமேடையில் சொன்னவர் அன்றைய ஆளுநரும் வேந்தருமான பன்வாரிலால் புரோகித். அவர் குறிப்பிட்ட காலத்திலும் நியமன ஆணையில் கையெழுத்திட்டவர் ஆளுநரே. அதே ஆண்டு பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே லஞ்சக் குற்றச்சாட்டில் கைதானார். ஜூனில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆளுநர் மாளிகையின் கையெழுத்து எதையும் தடுக்கவில்லை. கோட்டையின் கையெழுத்து மட்டும் தடுத்துவிடும் என்று நம்பவும் காரணமில்லை. விண்ணப்பித்தவர்கள் யார், பட்டியலில் யார், ஏன் என்பதைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தினால்தான் பேரம் கடினமாகும். நிறைவேறிய திருத்தங்கள் அதைச் செய்யவில்லை.

பதவி காலியாக இருந்தால் என்ன, ஒருங்கிணைப்புக் குழு பார்த்துக்கொள்ளாதா என்றும் கேட்கிறார்கள். துணைவேந்தர் இல்லாத காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தை நடத்தியது உயர்கல்வித் துறைச் செயலர் தலைமையிலான குழு. கோட்டையில் ஒரு துறையையே நடத்தும் அதிகாரி, பல்கலைக்கழகக் கோப்புகளுக்கு எத்தனை மணிநேரம் ஒதுக்க முடியும்? ஆசிரியர் தேர்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்க வேண்டியவர் துணைவேந்தர். அவர் இல்லாதபோது நிரந்தரப் பணியிடங்கள் அப்படியே கிடக்கின்றன; பாடம் நடத்துவது குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளர்கள்; பதவி உயர்வுகள் தேங்குகின்றன. இன்னொன்றும் உண்டு. காலியான ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகம் செயலர் வழியாக அரசின் கையில்தான் இருக்கிறது. எனவே காலியிடத்தால் அரசுக்கு இழப்பில்லை, ஆளுநருக்கும் இழப்பில்லை. இழப்பு முழுவதும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்தான்.

அதனால்தான் காலக்கெடு சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்கிறேன். பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே தேடுதல் குழு அமைய வேண்டும். அமைக்க வேண்டியவர் தவறினால் செனட்டே அமைக்கலாம் என்று இருக்க வேண்டும். பட்டியல் வந்த 30 நாளுக்குள் நியமனம் நடக்காவிட்டால் பட்டியலின் முதல் பெயர் துணைவேந்தர் ஆக வேண்டும். இது வேந்தரின் விருப்புரிமையைப் பறிப்பதாகும் என்ற மறுப்பு வரும். 30 நாள் அவர் கையில் இருக்கிறது. அதற்குள் யாரைத் தேர்ந்தாலும் கேள்வியில்லை. மசோதாவுக்கு ஆளுநர் எப்போது ஒப்புதல் தர வேண்டும் என்று கெடு விதிக்க முடியாது என நீதிமன்றம் சொன்னது அரசமைப்புச் சட்டம் தரும் அதிகாரத்தைப் பற்றி. வேந்தர் பதவி மாநிலச் சட்டம் உண்டாக்கியது. அதற்கு நாள் குறிக்கும் உரிமை சட்டமன்றத்துக்கு எப்போதும் உண்டு.

துணைவேந்தர் வந்த பிறகும் அவர் கையில் செலவழிக்கப் பணம் இருக்கிறதா என்ற கேள்வி நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிதி எப்படி வற்றியது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)