கினாபாலு மலையில் உறைந்திருந்த காலம்

கினாபாலு மலையில் ஒரு காலத்தில் பனிப்பாறை இருந்தது என்று சொன்னால் நம்மவர்கள் பலர் சிரிப்பார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து 6 பாகை வடக்கே, வியர்வை சொட்டும் சபாவில் பனிப்பாறையா? ஆனால் 4,095 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு, விடியற்காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறியவர்கள் எல்லோரும் அதன் தடயத்தின்மீதுதான் கால் வைத்திருக்கிறார்கள்.

மேலே போனவர்கள் நினைத்துப் பாருங்கள். லாபான் ராத்தாவைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து, அகன்று வழவழப்பான கிரானைட் சரிவு தொடங்குகிறது. அந்த வழவழப்பில் பனிக்குப் பெரும் பங்கு உண்டு. பனிப்பாறை என்று நாம் பெயர் வைத்திருந்தாலும் அது பாறை போல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. தன் எடையாலேயே மெல்ல மெல்லச் சரிவில் நகரும். அடியில் சிக்கிய கற்களும் மணலும் உப்புத்தாள் போல மலையைத் தேய்க்கும். ஒரே திசையில் நீளும் கீறல்கள் விழும். பனி போன வழியை அந்தக் கீறல்களே காட்டிக்கொடுக்கின்றன.

அதே மலையில் 'கழுதைக் காதுகள்', 'அழகற்ற சகோதரிகள்' என்றெல்லாம் பெயர் பெற்ற சிகரங்கள் மட்டும் கரடுமுரடாக, கூர்மையாக நிற்கின்றன. அவை பனிக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்தவை. அவற்றை யாரும் தேய்க்கவில்லை. வழவழப்பு முடிந்து கரடுமுரடு தொடங்கும் கோடுதான் அன்றைய பனியின் மேல்மட்டம். (2015 ஜூன் 5-ஆம் தேதி நிலநடுக்கத்தில் கழுதைக் காதுகளில் ஒன்று உடைந்து விழுந்தது. 18 உயிர்கள் போன அந்த நாளில் அதைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வந்திருக்காது. என்றாலும், மலை எழுதி வைத்த பக்கம் ஒன்று அன்று கிழிந்ததும் உண்மைதான்.)

சரி, பனி எப்போது போனது? இங்கேதான் கைவேலை தொடங்குகிறது. பனி பின்வாங்கிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், செடி முளைக்கும், அழுகும். அந்தச் சேற்றின் அடிமட்டத்தை எடுத்து ரேடியோகார்பன் முறையில் வயது பார்க்கலாம். கினாபாலு உச்சியில் அப்படிப் பார்த்ததில், 9,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு பனி இல்லை என்று தெரிந்தது. கவனியுங்கள், இது பனி போன தேதி அல்ல. வீட்டைக் காலி செய்த பிறகு புதுக் குடித்தனக்காரர் எப்போது வந்தார் என்பதுதான் இதில் தெரியும். வீடு எத்தனை நாள் பூட்டிக்கிடந்தது என்பது தெரியாது.

அந்தக் குறையைத் தீர்க்க இன்னொரு கடிகாரம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் திறந்த பாறையில் படும்போது, அதிலுள்ள குவார்ட்ஸ் படிகத்தில் பெரிலியம்-10 என்ற அணு சிறிது சிறிதாகச் சேரும். தடித்த பனி மூடியிருந்தால் சேராது. பனி விலகிய நாள் முதல் கணக்கு ஓடத் தொடங்கும். சரிவின் கீழிருந்து மேல்வரை வரிசையாகக் கற்களை எடுத்து அளந்தால், பனி எந்த வேகத்தில் ஏறிப் பின்வாங்கியது என்பதே கிடைத்துவிடும். உலகின் பல மலைகளில் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

ஆனால் கற்குவியல் எல்லாம் பனி தள்ளிவந்தது அல்ல. குண்டாசாங் அருகே பினோசுக் மேட்டுநிலத்தில் சேறும் பெரும் பாறைகளும் கலந்து கிடக்கின்றன. பனியின் வேலை என்றார்கள் சிலர். சேற்றுச் சரிவு என்றார்கள் வேறு சிலர். தவறாகப் படித்தால் பனி பல நூறு மீட்டர் கீழே வந்ததாக ஆகிவிடும்.

அதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பனியின் உயரம் ஒரு வெப்பமானி. 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை குளிரும். பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வெப்பமண்டல மலைகளில் பனிக்கோடு ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழே இருந்தது. அப்படியானால் மலைமேல் 5, 6 பாகை குளிர். ஆனால் கடலடி மண்ணை ஆராய்ந்து 1981-ல் வெளிவந்த கிளைமேப் ஆய்வு, வெப்பமண்டலக் கடல்கள் பெரும்பாலும் 2 பாகைக்கும் குறைவாகவே குளிர்ந்தன என்றது. மலை ஒன்று சொல்ல, கடல் வேறொன்று சொன்னது! பின்னர் வந்த ஆய்வுகள் கடலின் கணக்கைச் சற்று உயர்த்தின. மலை உச்சி கடலோரத்தைவிட அதிகமாக மாறுகிறது என்பதும் தெளிவானது. வெப்பம் ஏறும்போதும் இதே கதைதான்.

அதைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். இந்தோனேசியப் பாப்புவாவில் 4,884 மீட்டர் உயரமுள்ள புஞ்சாக் ஜெயாவில் இன்னும் கொஞ்சம் பனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1850 வாக்கில் அது சுமார் 20 சதுர கிலோமீட்டர். அன்று யாரும் அங்கே போய் அளக்கவில்லை. பனி விட்டுச்சென்ற கற்குவியல்களைப் படித்துக் கண்ட கணக்கு அது. 1936-ல் டச்சுக்காரர்கள் போய்ப் படம் எடுத்தார்கள். 2022-ல் மிஞ்சியது கால் சதுர கிலோமீட்டர் அளவுதான். கினாபாலுவில் நம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்து முடிந்தது, அங்கே இப்போது கண்ணெதிரே முடிந்துகொண்டிருக்கிறது.