யூதர் என்பவர் யார்?

இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் கைபர் போரைப் படித்துக்கொண்டிருந்தோம். உம்முல் முஃமினீன் ஸபிய்யா (ரழி) அவர்கள் பனூ நழீர் கோத்திரத் தலைவர் ஹுயை இப்னு அக்தபின் மகள் என்று ஆசிரியை சொன்னதும், "இஸ்லாத்துக்கு வந்த பிறகும் அவங்க யூதரா டீச்சர்?" என்று கேட்டேன். "தேடிப் பாத்து சஞ்சிகைக்கு எழுதுங்க மகள்" என்றார். அப்படித் தேடியதில் கிடைத்தவைதான் இவை.

ஒருவர் முஸ்லிமா என்பதை நாம் கலிமாவைக் கொண்டு அறிகிறோம். யூதர்களிடமோ மார்க்கமும் வம்சமும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கின்றன. ஹலாகா எனப்படும் அவர்களது மார்க்கச் சட்டப்படி தாய் யூதரானால் பிள்ளையும் யூதர். தந்தை மட்டும் யூதரானால் பிள்ளை யூதரல்ல. ஆனால், ஹாரூன் (அலை) அவர்களின் வழிவந்தோருக்குரிய கோஹன் என்னும் குருத்துவம் தந்தை வழியாகவே செல்கிறது. அமெரிக்காவின் சீர்திருத்த யூதர்கள், யூதப் பிள்ளையாக வளர்க்கப்பட்டால் தந்தை வழியும் போதும் என 1983இல் தீர்மானித்தார்கள். பழைமை பேணும் யூதர்கள் இதை இன்றும் ஏற்பதில்லை.

வெளியிலிருந்தும் ஒருவர் யூதராகலாம். ஆனால் அது இலகுவானதல்ல. வருபவரை முதலில் திருப்பி அனுப்பிப் பார்ப்பது றப்பிகளின் பழைய வழக்கம். பின்னர் மூவர் கொண்ட மார்க்க நீதிமன்றத்தின் முன் கட்டளைகளை ஏற்று, மிக்வா என்னும் நீர்த்தொட்டியில் மூழ்கி எழ வேண்டும். ஆண்களுக்குக் கத்னாவும் உண்டு. அதன்பின் அவர் இப்றாஹீமின் பிள்ளை என்றே அழைக்கப்படுவார். மோவாப் நாட்டிலிருந்து வந்து சேர்ந்த ரூத் என்ற பெண், தாவூத் (அலை) அவர்களுடைய பாட்டனாரின் தாய் என்று அவர்களது வேதம் கூறுகிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு வழக்கு. ஒஸ்வால்ட் ருஃபெய்சன் போலந்தில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1942இல் மீர் என்ற ஊரில் தன் அடையாளத்தை மறைத்து, ஜேர்மன் பொலிசாருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டே, அடைபட்டிருந்த யூதர்களுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துப் பலரைத் தப்பவைத்தார். பின்னர் கன்னியர் மடமொன்றில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார், துறவியுமானார். இஸ்ரேலுக்குச் சென்று, 1950ஆம் ஆண்டின் திரும்புதல் சட்டத்தின்கீழ் யூதராகப் பிரஜாவுரிமை கேட்டார். (அதே மண்ணிலிருந்து விரட்டப்பட்ட பலஸ்தீனர்களுக்கு அப்படித் திரும்பும் உரிமை இல்லை. அது தனியாக எழுத வேண்டிய விடயம்.)

1962இல் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இதில் விசித்திரம் என்னவென்றால், மார்க்கச் சட்டப்படி அவர் யூதர்தான். யூதத் தாய்க்குப் பிறந்தவர் மதம் மாறினாலும் யூதரே, பாவம் செய்த யூதர். நீதிமன்றமோ, சாதாரண மக்களின் பேச்சுவழக்கில் கிறிஸ்தவத் துறவியை யாரும் யூதர் என்பதில்லை என்றது. 1970இல் சட்டத்திலேயே வரைவிலக்கணம் எழுதினார்கள்: யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது யூதத்துக்கு மாறியவர், வேறு மதத்தைச் சேராதவர். ஆனால் குடியேறும் உரிமையை யூதரின் பேரப்பிள்ளைகள் வரை நீட்டினார்கள். 1935இல் ஹிட்லரின் ஆட்சியும் யூதர் யார் என்று தீர்மானிக்கப் பாட்டன் பாட்டிமாரைத்தான் எண்ணியது.

ஆகவே ஹலாகாவின் கணக்கில் ஸபிய்யா நாயகியும் யூதர்தான். யூதரின் மகள் என்று சொல்லப்பட்டு அவர்கள் அழுதபோது, நபி (ஸல்) அவர்கள் அந்த வம்சத்தை மறைக்கச் சொல்லவில்லை. ஹாரூன் நபி உங்கள் தந்தை, மூஸா நபி உங்கள் சாச்சா என்ற கருத்தில், அதையே பெருமையாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள்.

இதை வாசித்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் வாப்பாவின் இனம் இலங்கைச் சோனகர், உம்மாவுடையது மலாயர். கலியாண வீடொன்றில் வாப்பா பக்கத்து உறவுக்காரர் ஒருவர் என்னைக் காட்டி, "இவ மலாய்க்காரிர புள்ளதானே" என்று சொன்னது எனக்குக் கேட்டது. நானும் அன்று அழுதேன்.

ஹலாகா போலக் கணக்குப் பார்த்தால் நான் மலாய்தான் என்று உம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப இனியாவது மலாய் பேசப் பழகுங்க" என்றார்.