கபுர்ஸ்தானில் தொடங்கும் பெருநாள்

ஈராக்கின் வடக்கே உள்ள குர்திஸ்தானில் நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்ததும் ஆண்கள் பலர் நேரே கபுர்ஸ்தானுக்குப் போகிறார்கள். பல ஊர்களில் முந்தின நாளே குடும்பத்தோடு போய் வந்துவிடுவதும் உண்டு. இறந்தவர்களுக்கு துஆ கேட்ட பிறகுதான் வீட்டு வாசல்கள் திறக்கின்றன. குர்து நண்பர் ஒருவர் பெருநாளுக்கு அழைத்தால், அவரோடு அங்கேயும் போவதுதான் முறையான விருந்தாளிக்கு அழகு என்பேன்.

பெருநாளில் கபுர் ஸியாரத் செய்வது நம் ஊர் முஸ்லிம்களுக்கும் பழகியதே. குர்துகளில் பெரும்பாலோர் சுன்னி முஸ்லிம்கள்; அவர்களிலும் பெரும்பாலோர் காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்களைப் போல ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். ஆனால் குர்துகளுக்கு அந்தக் காலை நேரத்தின் கனம் வேறு.

1988 பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை சதாம் உசேன் அரசு ‘அன்ஃபால்’ என்ற பெயரில் குர்து கிராமங்களை அழித்தது. அந்த ஆண்டு ரமலான் ஏப்ரல் நடுவில் பிறந்தது. கர்மியான் பகுதியில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் ஊர் ஊராக லாரிகளில் ஏற்றிப்போனது அந்த ஏப்ரலில்தான். மே 3 அன்று, பாதி நோன்பு கடந்திருந்த வேளையில், கோப்தபா கிராமத்தின் மீது ரசாயனக் குண்டுகள் விழுந்தன. அன்ஃபாலில் 50,000 முதல் 1,00,000 பேர் வரை கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு மதிப்பிட்டது. குர்துகள் சொல்லும் கணக்கு 1,82,000. பிடித்துச் செல்லப்பட்டவர்களில் பலரைத் தெற்கே பாலைவனத்தில் சுட்டுப் புதைத்தார்கள். சதாம் ஆட்சி 2003இல் வீழ்ந்த பிறகு குழிகள் தோண்டப்பட்டு, எலும்புகள் சிறிது சிறிதாக ஊர் திரும்பின. இன்னும் திரும்பாதவர்கள் ஏராளம். பெருநாள் காலையில் போய் நிற்க ஒரு கபுர்கூட இல்லாத குடும்பங்கள் இருக்கின்றன. இதை அறியாமல் அந்தப் பெருநாளின் மகிழ்ச்சியைப் புரிந்துகொள்ள முடியாது என்றே நினைக்கிறேன்.

மகிழ்ச்சிக்கும் குறைவில்லை. கிராமங்களில் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தாம்பாளங்கள் பள்ளிவாசலுக்கு வரும். சோறும் இறைச்சியும், உலர்ந்த ஆப்ரிகாட் பழம் போட்ட இனிப்பும் புளிப்புமான குழம்பும் காலையுணவு. யார் வீட்டுத் தட்டு என்று பாராமல் கூடி உட்கார்ந்து உண்பார்கள். பிறகு வீடு வீடாகப் போவது. அந்த ஆண்டில் சாவு நேர்ந்த வீட்டை யாரும் தவறவிடுவதில்லை. பேச்சு முறிந்தவர்கள் சேர்ந்துகொள்ளவும் இந்த நாளே தோது. “ஜஷ்ன பீரோஸ்” என்று வாழ்த்திக் கை கொடுத்தால் போதும், தேநீரும் குலீச்சாவும் வந்துவிடும். பேரீச்சை அல்லது அக்ரூட் பருப்பு வைத்துச் சுடும் இந்தப் பணியாரத்துக்காக, பெருநாளுக்கு முந்திய நாட்களில் அடுப்புகள் ஓய்வதில்லை. குழந்தைகள் கதவு தட்டி மிட்டாயும் காசும் வாங்கிப் போவார்கள். மறுப்பது மரியாதைக் குறைவு என்பதால், போகிற ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சமாவது சாப்பிடும்படி வயிற்றில் இடம் வைத்துக்கொள்வது நல்லது.

குர்துகள் எல்லோரும் முஸ்லிம்கள் என்று எண்ணிவிடக் கூடாது. யஸீதிகளும் காகாயிகளும் அங்கே உண்டு. யஸீதிகளுக்கு டிசம்பரில் மூன்று நாள் நோன்பும் அதன் முடிவில் தனிப் பண்டிகையும் உள்ளன. அண்டை வீட்டாராக வாழும் இடங்களில் ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் வாழ்த்தச் செல்வார்கள்.

அடுத்த நாட்களில் குடும்பங்கள் மலையடிவாரத்துக்கும் அருவிக்கரைக்கும் கிளம்பிவிடும். அங்கே தவிலை ஒத்த தஹோலும் ஸுர்னா என்ற ஊதுகுழலும் ஒலிக்க, கைகோத்து வரிசையாக ஆடும் ‘ஹல்பர்கே’ நடனம் தொடங்கும். வரிசையின் தலைப்பில் கைக்குட்டையைச் சுழற்றுபவர் தேர்ந்த ஆட்டக்காரர். அந்த இடம் அவருக்குரியது. புதியவர்கள் வால்பக்கம் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். பக்கத்தில் ஆடுகிறவரே அடி எடுத்து வைக்கக் கற்றுத்தருவார்.