தாயப் பலகையும் சனிக்கிழமை மாலையும்

தாயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தருமர். நாட்டையும் தம்பியரையும் தன்னையும் ஈற்றிலே பாஞ்சாலியையும் பணயமாக வைத்து இழந்த அவரது கதை நம் உள்ளத்தில் ஆழப் பதிந்துள்ளது. ஆதலால், பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிலே தாய விளையாட்டைப் பற்றிப் பேச முன்வருவது சிலருக்கு வியப்பாகவும், வேறு சிலருக்குச் சிறிது வருத்தமாகவும் இருத்தல் கூடும். ஆனால், தருமரைக் கெடுத்தது பணயமேயன்றிப் பலகையன்று. பணயம் நீங்கிய பலகை விளையாட்டு மனிதருக்கு என்ன நன்மையைச் செய்கின்றது என்பதையும், அதிலே நான் செய்த தவறொன்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

வலிகாமத்திலே எங்கள் வீட்டு விறாந்தையிற் சனிக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு நால்வர் கூடுகின்றோம். ஒருவர் தபாலதிபராயிருந்து இளைப்பாறியவர்; எண்பது வயதைக் கடந்தவர். நாங்கள் அவரை ஐயா என்றே அழைப்போம். மற்றொருவர் வெங்காயமும் புகையிலையும் செய்யும் கமக்காரர். மூன்றாமவர் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்யும் ஒரு தாய்; சில நாட்களில் தம் மகனையும் அழைத்து வருவார். நான்காமவன் நான். தேநீரும் சிறிது பனங்கட்டியும் முன்னே இருக்கும். இருள் சூழும் வரை ஆட்டம் நடைபெறும்.

எங்கள் கூட்டம் தொடங்கியது விறாந்தையில் அன்று. தென்மராட்சியிலே ஒரு பாடசாலை மண்டபத்தில். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் தம் வீடு வாசல்களை விட்டு ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சென்றதை உங்களிற் பலர் அறிவீர்கள். நான் அப்போது ஆசிரியத் தொழிலிற் புகுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தேன். அம்மண்டபத்தின் ஒரு மூலையில் நான்கு குடும்பங்கள் ஒன்றையொன்று அறியாமலே அருகருகே தங்க நேர்ந்தது. செய்வதற்கு வேலையில்லை. செய்தி கேட்பதும் மழையைப் பார்ப்பதும் தவிர வேறு பொழுதில்லை. மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ ஒரு சிறுமி நான்கு புளியங்கொட்டைகளை எடுத்துச் சீமெந்துத் தரையிலே தேய்க்கத் தொடங்கினாள். கறுத்த தோல் ஒரு பக்கத்தில் நீங்கி வெண்மை தெரிந்தது. பின்னர் அடுப்புக் கரியால் தரையிற் கட்டங்களை வரைந்தாள். தனியே ஆட இயலாதாகையால் அருகிலிருந்த தபாலதிபரைப் பார்த்து, "மாமா, வாறியளே?" என்று கேட்டாள். அவர் வந்தார், என்னை அழைத்தார், நான் கமக்காரரை அழைத்தேன். அச்சிறுமியே இன்று எங்களுடன் ஆடும் அந்தத் தாய். 1996ஆம் ஆண்டு நாங்கள் ஊர் திரும்பியபோது அந்த நான்கு கொட்டைகளும் ஒரு சிறிய தகரப் பெட்டியில் எம்முடன் வந்தன. இன்றும் அவற்றைக் கொண்டே ஆடுகின்றோம்.

இனி, விளையாட்டின் அமைப்பைப் பார்ப்போம். தாயப் பலகையின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். எங்கள் பலகை வரிசைக்கு 5 கட்டமாக 25 கட்டங்கள் கொண்டது. நான்கு பக்கங்களின் நடுக் கட்டங்களிலும் பலகையின் நடுக் கட்டத்திலும் குறுக்குக் கோடுகள் இடப்பட்டிருக்கும். அக்கட்டங்களில் இருக்கும் காயை எவரும் வெட்ட முடியாது. ஒவ்வொருவருக்கும் நான்கு காய்கள். எங்கள் காய்கள் தையற்காரரின் பெட்டியிலிருந்து வந்த பழைய தெறிகள். வெளிச் சுற்றிலுள்ள 16 கட்டங்களையும், உட்சுற்றிலுள்ள 8 கட்டங்களையும் கடந்து நடுக் கட்டத்தை அடைதல் வேண்டும். எதிரியின் காய் நிற்கும் கட்டத்தில் நம் காய் சென்று விழுந்தால் அது வெட்டுண்டு வெளியேறும். ஒரு காயையேனும் வெட்டாதவர் உட்சுற்றினுள் நுழைய இயலாது.

காய் பலகையில் ஏறுவதற்குத் தாயம், அதாவது ஒன்று, விழவேண்டும். நான்கு கொட்டைகளை எறியும்போது ஒரு வெள்ளை மட்டும் மேலே தெரிந்தால் தாயம். இரண்டு தெரிந்தால் இரண்டு. மூன்று தெரிந்தால் மூன்று. நான்கும் வெள்ளையானால் நான்கு. ஒன்றுமே வெள்ளையில்லையானால் எட்டு. தாயமும் நான்கும் எட்டும் விழுந்தவர் மீண்டும் எறியலாம்.

இங்கே ஒரு சிறு கணக்கு உண்டு. கொட்டை இரு பக்கமும் ஒத்த வாய்ப்புடன் விழுமெனக் கொண்டால், நான்கு கொட்டைகளும் விழக்கூடிய வகைகள் 16. அவற்றுள் தாயம் 4 வகையிலும், இரண்டு 6 வகையிலும், மூன்று 4 வகையிலும், நான்கும் எட்டும் ஒவ்வொரு வகையிலும் விழும். எனவே நான்கு எறிக்கு ஒரு தாயம் என்பது சராசரி. ஆயினும் எட்டு முறை எறிந்தும் தாயம் விழாது போதற்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நால்வர் ஆடும் ஆட்டத்தில், யாரேனும் ஒருவர் தம் முதல் எட்டு எறிகளிலும் ஏறமுடியாது வெறுங்கையுடன் இருப்பது மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை நிகழும் என்று கொள்ளலாம். "என்ரை ராசி சரியில்லை" என்று அவர் சலித்துக்கொள்வார். அது ராசியன்று, எண்ணின் இயல்பு. பாடசாலையில் நிகழ்தகவு என்று நாம் கற்பிக்கும் பாடத்தை நம் பாட்டிமார் திண்ணையிலேயே கையால் அறிந்திருந்தனர்.

தாயத்துக்கு நேர்மாறானது ஆடுபுலி ஆட்டம். அதில் எறிவதற்கு ஒன்றுமில்லை; அதிட்டத்துக்கு இடமுமில்லை. மூன்று புலிகள் ஒரு பக்கம். பதினைந்து ஆடுகள் மறு பக்கம். புலி ஓர் ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்திற் குதித்தால் அவ்வாடு இறந்தது. ஆடுகளோ புலியைக் கொல்ல இயலா. சூழ்ந்து நின்று அசையவிடாது அடைக்கலாம். பதினைந்து ஆடுகளையும் ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும் வரை எந்த ஆடும் நகரலாகாது. எங்கள் கமக்காரர் எப்போதும் ஆடுகளையே கேட்டு வாங்குவார். ஓரங்களை முதலில் நிரப்பி, இரண்டொரு ஆடுகளை இழந்தாலும் கலங்காது, மெல்ல மெல்ல இடத்தைச் சுருக்கி விடுவார். வலியவரை எளியவர் வெல்வதற்குக் கூட்டும் பொறுமையும் வேண்டும் என்பதை நான் எந்த நூலிலும் அவர் காட்டியதுபோல் தெளிவாகக் கற்றதில்லை.

இத்தகைய விளையாட்டுகள் நமக்கு மட்டும் உரியன அல்ல. பதினான்கு குழிகளிற் கொட்டைகளை இட்டு ஆடும் நமது பல்லாங்குழியைப் போன்றதொன்றைச் சிங்கள மக்கள் ஒலிந்த கெளிய என்ற பெயருடன், குன்றிமணிகளைக் கொண்டு, சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஆடுவர். ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய தமது நூலில், இந்நாட்டு விளையாட்டுகளுக்கும் இடம் ஒதுக்கியுள்ளார். இந்தியாவின் பச்சீசி ஆட்டமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, லூடோ என்ற பெயருடன் கடதாசிப் பலகையாகத் திரும்பி வந்தது. நமது சிறுவர் அதை மேலைநாட்டு விளையாட்டென எண்ணி வாங்குகின்றனர்!

விளையாட்டு எதுவாயினும், அதே மனிதர் கிழமை தோறும் கூடுவதில் ஒரு தனிப் பயன் உண்டு. வழிப்போக்கருடன் ஆடுபவன் ஏமாற்றிவிட்டு எழுந்து போகலாம். அடுத்த கிழமையும் அதே முகங்களைப் பார்க்க வேண்டியவன் அவ்வாறு செய்யமாட்டான். றொபேட் அக்செல்றொட் என்ற அமெரிக்க அறிஞர் இதனைக் கணினி நிரல்களுக்கிடையே போட்டி வைத்தே ஆராய்ந்து, 1984ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஒத்துழைக்கவும் வஞ்சிக்கவும் வாய்ப்புள்ள ஓர் ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடியபோது, நுட்பமான சூழ்ச்சிகளையெல்லாம் பின்தள்ளி, மிக எளிய முறையொன்றே முதலிடம் பெற்றது. முதலில் ஒத்துழைப்பது, பின்னர் எதிரி முன்முறை செய்ததையே தானும் செய்வது, அவ்வளவே. மீண்டும் சந்திப்போம் என்ற எதிர்பார்ப்பே ஒத்துழைப்பின் வேர் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. எங்கள் விறாந்தை இதற்கொரு சிறு சான்று.

ஆனால், திரும்பத் திரும்பச் சந்திப்பதனாலேயே பண்பு வந்துவிடுவதில்லை. என் தவறு இங்கேதான் வருகின்றது. ஓராண்டுக்கு முன்பிருந்து ஐயாவின் எண்ணிக்கை பிசகத் தொடங்கியது. மூன்று விழ நான்கு கட்டம் நகர்த்துவார். சில வேளை பிறருடைய தெறியை எடுத்துவிடுவார். மற்ற இருவரும் ஒன்றுஞ் சொல்லாது காயை இருக்கவேண்டிய இடத்தில் மெதுவாக வைத்துவிடுவர். முப்பது ஆண்டுகளாகப் பிழை திருத்தியே பழகியவன் நான். ஒரு மாலையில் அவர் பிசகாக நகர்த்திய காய் என்னுடைய காயை வெட்டிவிட்டது. "ஐயா, மூண்டு விழ நாலு வைச்சிருக்கிறியள்" என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "போன கிழமையும் இப்பிடித்தான்" என்றும் சொன்னேன். தையற்காரரின் மகன் நிமிர்ந்து பார்த்தான். ஐயா தெறியை எடுத்து உரிய இடத்தில் வைத்தார். ஆட்டம் முடியும் வரை பேசவில்லை.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் அவர் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். அவர் இருக்கும் கதிரை வெறுமையாய்க் கிடந்தது. மூவர் ஆடிப் பார்த்தோம், ஆட்டம் சுவைக்கவில்லை. நான்காம் கிழமை தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ சொன்னது சரி. எனக்குக் கட்டம் எல்லாம் தெரியுது. எண்ணேக்கை தான் இடையிலை விட்டுப்போகுது. ஆனால் அந்தப் பெடியனுக்கு முன்னாலை சொல்லியிருக்க வேண்டாம்." இதற்கு நான் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கும் இருக்கவில்லை.

இதற்கு வழி கண்டவர் தையற்காரர். "எல்லாற்றை காயையும் எல்லாரும் சேர்ந்து எண்ணுவம்" என்றார். அன்று முதல் யார் காயை நகர்த்தினும் நால்வரும் ஒரே குரலில் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுகின்றோம். எவர் பிசகினார் என்று தனியே தெரிவதில்லை, பிசகவும் இடமில்லை. முதல் மாலையிலேயே நான் என் காயை இருமுறை பிழையாக நகர்த்தப் போனதை அந்தக் கூட்டுக் குரல் தடுத்தது என்பதையும் ஒளிக்காது சொல்லவேண்டும். ஐயாவுக்கு எங்கள் வீடு வரை நடப்பது இப்போது சிரமம். ஆகவே சனிக்கிழமைகளில் நாங்களே அவர் வீட்டுக்குப் போகின்றோம்.

விளையாட்டு விதிகள் எதற்காக ஏற்பட்டன? எல்லாரும் ஒரே பலகையைச் சுற்றி இருக்கக்கூடியதாக ஏற்பட்டன. விதியைக் காப்பதாக எண்ணி ஆளை எழுப்பிவிட்டால் காத்த விதியால் ஆவது என்ன? ஆளுக்காக விதியையே கைவிட்டாலும் அது விளையாட்டாகாது; அவருக்கும் அது இரக்கமாகத் தோன்றிப் புண்படுத்தும். இரண்டையும் ஒருங்கே காக்கும் வழியைத் தேடுதல் வேண்டும். இதை அறிந்துகொள்ள எனக்கு முப்பது ஆண்டு ஆசிரிய அனுபவம் போதவில்லை.

அன்பர்களே! இந்த விளையாட்டுக்குப் பொருட்செலவு இல்லை. ஒரு கரித்துண்டும் நான்கு புளியங்கொட்டைகளும் போதும். பல வீடுகளில் இன்று முதியவர் ஒருவர் தனியே விறாந்தையில் இருக்கின்றார்; பிள்ளைகள் கடல் கடந்த நாடுகளில் இருக்கின்றனர். கிழமையில் ஒரு மாலையைக் குறித்துக்கொண்டு அவரிடம் போங்கள். கட்டங்களை அவரையே வரையச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத விதி ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த கிழமையும் தவறாது போங்கள். எண்ணும்போது சேர்ந்து எண்ணுங்கள்.