அதிபரின் மேசையில் நடப்பது என்ன?

பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கச் செல்லும் பெற்றோர் பலர் அதிபரின் அறை வாசலிலேயே தயங்கி நிற்கின்றனர். அங்கு நடைபெறும் வேலையை அறிந்துகொண்டால் இத்தயக்கம் நீங்கும்.

குளத்து நீரைப் பங்கிடும் விதானையாரை நாம் அறிவோம். எந்த வாய்க்காலுக்கு எப்போது திறப்பது என்பது அவருடைய கணக்கு. அதிபரின் பணியும் இத்தகையதே. நேரசூசி வகுத்தல், ஆசிரியருக்கு வகுப்புகளை ஒதுக்குதல், இலவசப் பாடநூல்களைப் பெற்றுப் பகிர்தல், வலயக் கல்வி அலுவலகத்துக்கு விபரம் அனுப்புதல் என்பன அவருடைய கடமைகள். மாணவர் தொகையைக் கொண்டே ஆசிரியரும் நூல்களும் கேட்கப்படுவதால், பெயர் பதியாத பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது.

அம்மேசையில் மூன்று பதிவேடுகள் முக்கியமானவை. சேர்விடாப்பில் பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும் சேர்விலக்கமும் இருக்கும். வரவு இடாப்பு நாளாந்த வருகையைக் காட்டும். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்றுவதற்கு 80 சதவீத வரவு கேட்கப்படுவதும் இதனைக் கொண்டே. சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பாடசாலையின் முக்கிய நிகழ்வுகள் எழுதப்படும்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் மக்கள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்தபோது, அங்கிருந்த பாடசாலைகள் பல தங்குமிடங்களாயின. பின்னர், ஒரே கட்டடத்தில் காலையில் அவ்வூர்ப் பாடசாலையும் பிற்பகலில் இடம்பெயர்ந்த பாடசாலையும் இயங்கும் ஒழுங்கு பல இடங்களிற் செய்யப்பட்டது. கட்டடத்தைத் தூக்கிச் செல்ல முடியாது. இடாப்பைத் தூக்கிச் செல்லலாம். இடாப்பு தப்பினால் பிள்ளை படித்ததற்கான அத்தாட்சியும் தப்பும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

1. ஊர் மாறும்போது பாடசாலை விடுகைப் பத்திரத்தைக் கேட்டுப் பெறுங்கள். சேர்விலக்கத்தைத் தனியாகவும் குறித்து வையுங்கள்.

2. பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிள்ளையை வீட்டில் மறிக்க வேண்டாம். அதிபரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். பிறப்பே பதியப்படாதிருந்தால் கிராம சேவையாளரைக் கண்டு ஆலோசனை பெறுங்கள்.

3. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். தண்ணீர், மலசலகூடம், ஆசிரியர் பற்றாக்குறை பற்றிப் பேச வேண்டிய இடம் அது.

4. அரிவு வெட்டுக் காலத்திலும் பிள்ளையை வயலுக்கு மறிக்காதீர்கள். 1998 முதல் 5 தொடக்கம் 14 வயது வரை கட்டாயமாக இருந்த கல்வி, 2016இல் 16 வயது வரை நீடிக்கப்பட்டுள்ளது.

ஒரு போகம் தவறினால் அடுத்த போகம் வரும். பிள்ளை இழந்த வகுப்பு அவ்வாறு இலகுவில் திரும்பி வராது. ஆகையால் தயங்காது அதிபரிடம் செல்லுங்கள். உங்கள் பிள்ளையின் பெயரை எழுதுவதற்கே அந்த இடாப்பு அங்கே இருக்கிறது.