விருத்தாசலத்தில் தொடங்கும் கலைப் பயணம்

2004-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் ஏறத்தாழ 3 லட்சம் டாலர் கொடுத்து ஒரு கற்சிலையை வாங்கியது. வலப்பாதி சிவன், இடப்பாதி உமை. சோழர் காலத்து அர்த்தநாரீசுவரர். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அதன் முன் நின்று பார்த்தார்கள். அந்தச் சிலை இருந்த இடம் விருத்தாசலம் பழமலைநாதர் கோயில். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறினால் உட்கார்ந்த களைப்புத் தெரிவதற்குள் வந்துவிடும் ஊர்.

சிலை கோயிலிலிருந்து திருடப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்தது ஒரு பழைய புகைப்படம். புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்களின் சிலைகளைப் பல பத்தாண்டுகளாகப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. கோயிலில் இருந்தபோது எடுத்த படத்தையும் சிட்னியில் இருந்த சிலையையும் சிலை ஆர்வலர்கள் ஒப்பிட்டார்கள். உண்மை வெளியே வந்தது. 2014 செப்டம்பரில் இந்தியா வந்த ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், இந்த அர்த்தநாரீசுவரரையும் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசரையும் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். இரண்டையும் விற்ற நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூருக்கு, வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022-இல் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

வரும் ஆண்டில் எந்தக் கலைக்கண்காட்சிக்குப் போகலாம் என்று கேட்பவருக்கு, பாரீஸ், லண்டன் என்று பட்டியல் சொல்வது எளிது. கடலூர் மாவட்டத்துக்காரர் தம் பட்டியலை விருத்தாசலத்திலிருந்தே தொடங்கலாம். டிக்கெட் வேண்டாம். ஒரு காலை நேரமும் நிமிர்ந்து பார்க்கும் பொறுமையும் போதும்.

பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் தேவியான அவர் 10-ஆம் நூற்றாண்டில் சோழநாட்டின் செங்கல் கோயில்கள் பலவற்றைக் கல்லால் எடுத்துக் கட்டினார். கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றி வரும்போது கோஷ்டங்களில் நிற்கும் உருவங்களைக் கவனியுங்கள். கோபுர வாசலில் கரணங்கள் எனப்படும் நடன நிலைகளின் சிற்பங்கள் இருக்கின்றன. கரணத் தொகுதிகள் உள்ள தமிழகக் கோயில்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம் என்பார்கள். அவற்றில் ஒன்று இது.

அடுத்தது சிதம்பரம். கிழக்குக் கோபுர வாசலுக்குள் நுழைந்ததும் சன்னதியை நோக்கி விரைபவர்களே அதிகம். அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். இருபுறச் சுவர்களிலும் கீழிருந்து மேலாகச் சிறு சிறு கட்டங்கள்; கட்டத்துக்கு ஒரு நடனமங்கை, பக்கத்தில் தாளம் கொடுப்பவர்கள். மொத்தம் 108 கரணங்கள். அவற்றோடு நாட்டிய சாத்திரச் சுலோகங்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. காலைத் தூக்குவது எப்படி, இடுப்பை ஒசிப்பது எப்படி என்று படத்தோடு விளக்கும் பாடநூலைக் கல்லில் அடித்து வைத்திருக்கிறார்கள். சிவகாமசுந்தரி அம்மன் கோயில் முன்மண்டபத்தின் விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் உள்ளன. பிட்சாடனர் கதையையும் மாணிக்கவாசகர் வரலாற்றையும் அங்கே வரிசையாகத் தேடிப் பார்க்கலாம்.

சிதம்பரத்துக்கு எப்போது போவது என்பதும் முக்கியம். மற்ற ஊர்களில் பொதுவாக மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை. உற்சவர்தான் வீதிக்கு வருவார். இங்கே மூலவரான நடராசரே ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேரேறி வெளியே வருகிறார். தூக்கிய திருவடியைத் தெருவில் நின்றே பார்க்கக் கிடைப்பது அந்த நாட்களில்தான். மாசியில் வந்தால் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி. 1981-இல் தொடங்கிய விழா இது. கோபுரத்தில் பார்த்த கரணம் மேடையில் உயிரோடு அசைவதைக் காணலாம்.

ஆடித் திருவாதிரை வந்தால் கங்கைகொண்ட சோழபுரம். இராசேந்திர சோழன் பிறந்த விண்மீன் அது. கோயிலின் வடக்கு வாயிலருகே அடியார் சண்டேசரின் தலையில் சிவபெருமான் மாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. பக்கத்தில் உமை. குனிந்து கைகூப்பி உட்கார்ந்திருக்கும் அடியாரின் முகத்தில் தெரியும் நிறைவைப் பார்க்கவே ஜெயங்கொண்டம் பஸ் ஏறலாம்.

அங்கிருந்து தஞ்சாவூர். அரண்மனை வளாகத்தில் 1951-இல் தொடங்கப்பட்ட கலைக்கூடத்தில் சோழர் செப்புத் திருமேனிகள் நிறைந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் முன்னால் மட்டும் நேரம் ஒதுக்குங்கள். 1011-இல் வார்த்தது, தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்த மறு ஆண்டு. மூன்றரை அடி உயரம். சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றிக் கட்டி, ஒரு காலை மறுகாலின் குறுக்கே வைத்து, ஒரு கையைக் காளையின் மேல் சாய்த்து நிற்கிறார். காளையை இப்போது காணோம். ஆனால் அந்த முழங்கையின் மடிப்பையும் விரல்களின் தளர்வையும் பார்த்தால், அங்கே காளையின் முதுகு எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்பது நம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

சென்னைக்கு விருத்தாசலம் சந்திப்பில் ரயிலேறினால் எழும்பூரிலேயே இறங்கலாம். 1851-இல் தோன்றிய அரசு அருங்காட்சியகம் அங்கிருந்து அதிக தூரமில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை, நாள் பார்த்துக் கிளம்ப வேண்டும். செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். பிரான்சின் மாபெரும் சிற்பி ரோதன் இவரை நேரில் பார்த்ததில்லை. புகைப்படங்களை மட்டும் பார்த்து உருகி எழுதினார். அந்தக் கட்டுரை அவர் மறைந்த பின் 1921-இல் அச்சானது. அவருக்குக் கிட்டாத வாய்ப்பு நமக்கு ஒரு ரயில் டிக்கெட் விலையில் கிடைக்கிறது.

நவீன ஓவியம் பிடிபடவில்லை என்பவர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்தில் பழகிக்கொள்ளலாம். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஓவியர்கள் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்றுக் காசு சேர்த்து, தாங்களே நிலம் வாங்கிக் குடியேறிய இடம். அந்த ஓவியங்களோடு பழகிய பின், கொச்சியில் 2012 முதல் நடந்துவரும் முசிறிஸ் பினாலே என்ற நவீனக் கலைக்கண்காட்சி மிரட்டாது. கோட்டைக் கொச்சியின் பழைய சரக்குக் கிடங்குகளே அங்கே கலைக்கூடங்கள்.

எங்கே போனாலும் அனுமதி உள்ள இடத்தில் சிலையை முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பீடத்து எழுத்துத் தெரிய ஒன்று என்று படமெடுத்து, ஊரையும் தேதியையும் குறித்துவையுங்கள். விருத்தாசலம் கோயிலிலிருந்து போன இன்னொரு சிலை பிரத்தியங்கிரா தேவி. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2005-இல் வாங்கிய அந்த அம்மனும் 2016-இல் இந்தியாவுக்குத் திரும்பினாள். அவளுக்கும் சாட்சி சொன்னது புதுச்சேரியில் இருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான்.