வானம்பாடி ஏன் மேலேறிப் பாடுகிறது?

ராசிபுரம், நாமக்கல் பக்கத்து மேட்டுக்காடுகளில் கடலை பிடுங்கி முடிந்தால் மிஞ்சுவது செம்மண் தரைதான். உட்கார்ந்து பாட ஒரு கிளை இருக்காது. இத்தகைய வெட்டவெளியில்தான் சாம்பல் தலை வானம்பாடி குடும்பம் நடத்துகிறது. ஆண் பறவை நெட்டுக்குத்தாக எழும்பும். சிறகை ஒடுக்கித் தலைகீழாகப் பாயும். பாயும்போதே நீளமாக ஒரு சீழ்க்கை. தரையைத் தொடுவதற்குள் மறுபடி எழும்பி மறுபடி பாயும்.

இதற்குப் பின்னால் ஒலியின் இயற்பியல் இருக்கிறது. தரையை ஒட்டிச் செல்லும் ஒலியை மண் விழுங்கிவிடும். வெயில் ஏறினால் இன்னொரு தொல்லை: சூடான காற்றில் ஒலி விரைந்து செல்வதால், கொதிக்கும் தரையருகே கிளம்பும் ஒலி மேல்நோக்கி வளைந்து போகும். சற்றுத் தள்ளி நிற்கும் பெட்டைக்கு அது எட்டாது. உயரத்திலிருந்து பாடும் பறவை இந்த இரண்டிலிருந்தும் பெருமளவு தப்பிக்கிறது. தரை சூடேறாத, காற்று அடங்கிய விடியல் வேளை பாட்டுக்கு ஏற்றதாக இருப்பதும் இதனால்தான்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் நிலைமை வேறு. உயர்ந்த சுருதியை இலைகள் சிதறடிக்கும். வேகமாக அடுக்கிய சுரங்கள் மரங்களில் பட்டு எதிரொலித்து ஒன்றோடொன்று குழம்பும். அதனால் அடர்காட்டுக்குத் தோதானது தாழ்ந்த சுருதியில் நிதானமாக இழுக்கும் சீழ்க்கை. 1975-இல் யூஜின் மார்ட்டன் பனாமாவின் காடுகளிலும் புல்வெளிகளிலும் ஒலிகளை ஒலிபரப்பி அளந்து, இந்தத் திசையில் முன்னோடி ஆய்வு ஒன்றைச் செய்தார். ஏற்காட்டுப் பட்டாணிக் குருவியின் நெருங்கிய உறவுப் பறவையை இங்கிலாந்து, ஈரான் உட்படப் பல நாடுகளில் ஹன்டரும் கிரெப்ஸும் ஆராய்ந்தார்கள். 1979-இல் வெளியான முடிவும் அதையே சொன்னது: அடர்காட்டுப் பறவைகளின் பாட்டில் சுருதி தாழ்வு, சுரங்கள் குறைவு.

ஓடைக்கரை என்றால் கணக்கு மாறும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சீகாரப் பூங்குயில், நீரின் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு போகும் கூர்மையான குரலில் கூப்பிடுகிறது.

நெடுஞ்சாலையின் இரைச்சலும் இப்போது ஒரு வாழிடம்தான். வண்டிகளின் உறுமல் தாழ்ந்த சுருதி. நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக் குருவிகள் சுருதியைக் கூட்டிப் பாடுவதாக 2003-இல் ஸ்லாபெகூர்னும் பீட்டும் காட்டினார்கள். சேலத்திலிருந்து நாமக்கல் வழியே இரவும் பகலும் லாரி ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரத்திலும் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வானம்பாடிக்கு இரைச்சலைவிடப் பெரிய ஆபத்து, மேட்டுக்காடு வீட்டுமனையாவது. தரிசு என்று நாம் தள்ளிவைக்கும் நிலம் அதற்குப் பாட்டு மேடை மட்டுமல்ல, தரையிலேயே கூடு கட்டி முட்டையிடும் இடமும்கூட. மரம் நட்டால் போதும் என்ற எண்ணம் இந்தப் பறவைக்கு உதவாது. அதற்கு வேண்டியது வெட்டவெளி.

தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் கடலைக்காட்டோரம் நின்று கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் தளத்தில் ஏற்றுங்கள்.